பேசாத தலைவன்: 'டி.என்.ஏ' நாடகத்தின் ஃபில்லை மேடையேற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

பிரிட்டிஷ் நாடகாசிரியர் டெனிஸ் கெல்லியின் 'டி.என்.ஏ' நாடகத்தை ஒத்திகைக்கு எடுக்கும் இளைஞர் குழுக்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகின்றன. ஃபில் வேடத்துக்கு வந்த பையனிடம் "நீ பேசாமல் மிரட்டலாக உட்கார்ந்திரு" என்று சொல்லிவிட்டு, மீதி நேரம் முழுவதையும் வசனம் அதிகமுள்ளவர்களோடு செலவிடுகிறார்கள். அரங்கேறும் நாளில், மேடையோரம் ஒருவன் முறைத்துக்கொண்டிருப்பான். அவனுக்கு ஏன் இத்தனை பேர் கட்டுப்படுகிறார்கள் என்பது பார்க்க வந்தவர்களுக்கு விளங்காது.

ஃபில்லின் அதிகாரத்தை நடித்துக் காட்ட வேண்டியவர்கள் மற்ற பத்துப் பாத்திரங்கள்தான். அவன் செய்ய வேண்டியது குறைவு. அந்தக் குறைவைத் துல்லியமாகச் செய்ய வேண்டும். இந்த வழிகாட்டியின் எல்லாப் படிகளும் இதிலிருந்தே கிளைக்கின்றன.

முதலில் நாடகம் பற்றி

லண்டன் நேஷனல் தியேட்டரின் 'கனெக்‌ஷன்ஸ்' திட்டத்துக்காகக் கெல்லி இதை எழுதினார். இளம் நடிகர்கள் நடிப்பதற்கென்றே புது நாடகங்களை எழுதி வாங்கிப் பள்ளிகளுக்கும் இளைஞர் குழுக்களுக்கும் கொடுக்கும் திட்டம் அது. 2007இல் அந்தக் குழுக்கள் நடித்தன. 2008இல் நேஷனல் தியேட்டரின் காட்டஸ்லோ அரங்கில் மேடையேறியது. பின்னர் இங்கிலாந்தில் 16 வயதில் எழுதும் ஜி.சி.எஸ்.இ. தேர்வுக்கான பாடநூல்களில் ஒன்றாகவும் ஆனது. ஏறக்குறைய ஒரு மணி நேர நாடகம். நான்கு பகுதிகள், மூன்றே இடங்கள்: தெரு, வயல்வெளி, காடு. தெருவில் கூட்டத்தைச் சேர்ந்த ஜேனும் மார்க்கும் செய்தி பரிமாறிக்கொள்வார்கள், வயலில் ஃபில்லின் தோழி லியா பேச அவன் சாப்பிடுவான், காட்டில் கூட்டம் கூடும். இந்தச் சுழற்சி திரும்பத் திரும்ப வரும்.

கதை இது. ஆடம் என்ற பையன் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளும் ஆசையில் எதைச் சொன்னாலும் செய்கிறான். இலையைத் தின்ன வைக்கிறார்கள், சிகரெட்டால் சுடுகிறார்கள். கடைசியில் ஓர் ஆழமான குழியை மூடியிருக்கும் கம்பிச் சட்டத்தின் மேல் அவனை ஏற்றிக் கல்லெறிகிறார்கள். விழுந்துவிடுகிறான். செத்துவிட்டான் என்று நம்பிய கூட்டம் ஃபில்லிடம் வருகிறது. இல்லாத ஒரு கடத்தல்காரனை உருவாக்கும் திட்டத்தை அவன் சொல்கிறான். அந்த அடையாளத்துக்குப் பொருந்தும் அப்பாவி ஒருவர் போலீசில் மாட்டுகிறார். பிறகு ஆடம் உயிரோடு கிடைக்கிறான். அப்போது ஆடமைக் கொன்றுவிட ஃபில் எடுக்கும் முடிவுதான் நாடகத்தின் மிகக் கொடிய இடம்.

ஒரு விவரத்தை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். கல்லெறி நடந்தபோது ஃபில் அங்கே இல்லை. ஜேனும் மார்க்கும் வந்து சொன்ன பிறகே அவனுக்கும் லியாவுக்கும் தெரிகிறது. கையில் அழுக்கில்லாமல் எழுந்து போய்விட அவனுக்கு வழி இருந்தது. அவன் போகவில்லை. நடிகரும் இயக்குநரும் விடை தேட வேண்டிய முதல் கேள்வி இதுதான்.

படி 1: மௌனத்தைக் கணக்கெடுப்பது

ஒத்திகை தொடங்கும் முன் ஃபில் வரும் ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு தாள் எடுத்து, ஐந்து கட்டங்கள் போடுங்கள்: கையில் என்ன தின்பண்டம், யார் அவனைப் பார்த்துப் பேசுகிறார்கள், அவர்களுக்கு அவனிடம் என்ன வேண்டும், அவன் சொல்வது என்ன, காட்சி முடியும்போது யார் மாறிப்போயிருக்கிறார்கள். நான்காம் கட்டம் பல தாள்களில் காலியாக இருக்கும், ஐந்தாம் கட்டம் எதிலும் காலியாக இருக்காது. நடிக்கப்போகும் பிள்ளைகளே இதை நிரப்பட்டும். "இவனுக்கு வசனமே இல்லையே" என்று முகம் சுளித்த பையன், தாள்களை நிரப்பியதும் நிமிர்ந்து உட்காருவான்.

அடுத்து, பிரதியிலுள்ள இடைவெளிகளை மூன்று அளவாகப் பிரித்துப் பென்சிலால் குறியுங்கள். மூச்சு வாங்கும் இடைவெளி 1 முதல் 2 விநாடி, ஒருவர் பதிலுக்குக் காத்திருப்பது 3 முதல் 4, மேடையே நின்றுபோவது 6 முதல் 8. மூன்றாவது வகையை நாடகம் முழுவதற்கும் ஐந்தாறு இடங்களுக்கு மேல் வைக்காதீர்கள். எல்லா இடத்திலும் நீளமாக நிறுத்தினால் முக்கியமான மௌனம் எது என்று யாருக்கும் தெரியாது. ஒரு மணி நேர நாடகம் 80 நிமிடமாக இழுத்துக்கொண்டும் போகும். முதல் இரண்டு வாரம் யாராவது மனத்துக்குள் விநாடியை எண்ணட்டும். பதற்றத்தில் இருக்கும் இளம் நடிகருக்கு 2 விநாடியே யுகமாகத் தெரியும், 6 விநாடி இருந்ததாகச் சத்தியம் செய்வார்.

படி 2: யாருக்கு எந்த வேடம்

பாத்திரங்களின் பெயரையும் பாலினத்தையும் குழுவுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம் என்று பிரதியே சொல்கிறது. ஃபில் வேடத்தைப் பெண் ஏற்கலாம், லியாவை ஆண் ஏற்கலாம். உடல் பருமனோ உயரமோ குரல் கனமோ ஃபில்லுக்குத் தேவையில்லை. பிறர் பேசும்போது உண்மையிலேயே கேட்கத் தெரிந்தவர் வேண்டும். சோதிக்க எளிய வழி உண்டு. தேர்வுக்கு வந்தவரை உட்கார வைத்துக் கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் கொடுங்கள். எதிரில் இன்னொருவர் மூன்று நிமிடம் விடாமல் பேசட்டும். பிஸ்கட் சாப்பிடுவதையும் கேட்பதையும் ஒருசேர, எதையும் 'காட்டாமல்' செய்கிறவரை எடுங்கள். புருவத்தை உயர்த்துகிறவர், பெருமூச்சு விடுகிறவர், ஓரக்கண்ணால் பார்வையாளரைத் தேடுகிறவர் வேறு வேடத்துக்குப் பொருந்துவார்கள்.

இதைவிட முக்கியமானது வேறொன்று. பதின்வயதினர் குழுவுக்குள் ஏற்கெனவே ஒரு அதிகார அடுக்கு இருக்கும். வகுப்பில் கேலிக்கு ஆளாகும் பிள்ளையை ஆடமாகவோ, கூட்டத்தில் அழுதுகொண்டிருக்கும் பிரையனாகவோ போட்டால், ஒத்திகை என்ற பெயரில் அந்தக் கேலிக்கு அனுமதிச்சீட்டு கொடுத்தது போலாகும். நன்றாக நடிப்பார் என்றாலும் வேண்டாம். கூட்டத்தை ஆட்டிவைக்கும் பிள்ளையை ஃபில்லாகப் போடுவதும் தவறுதான், அவருக்குப் புதிதாகக் கற்க எதுவும் இருக்காது. அவரை டேனியாகவோ மார்க்காகவோ, சொன்னதைச் செய்கிற இடத்தில் வைத்துப் பாருங்கள்.

படி 3: மூன்று விதத் தலைமையைப் பிரித்தறிவது

இந்த நாடகத்தில் தலைமை மூன்று கை மாறுகிறது. முதல் காட்டுக் காட்சியில் அது ஜான் டேட்டிடம் இருக்கிறது. அவன் வெளிப்படையாக மிரட்டுகிறான், கத்துகிறான். செத்துவிட்டான் என்ற சொல்லையே இனி யாரும் உச்சரிக்கக் கூடாது என்று தடை போடுகிறான். சொல்லைத் தடுத்தால் நடந்தது இல்லையென்று ஆகிவிடும் என்ற பதற்றம் அது. தன் பக்கம் யார், எதிர்ப்பக்கம் யார் என்று ஆள் பிரிக்கிறான். பேச்சை நிறுத்தினால் அதிகாரம் போய்விடும், அதனால் பேசிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. முதல் பகுதிக்குப் பிறகு அவன் மேடைக்கே வருவதில்லை.

இரண்டாவது ஃபில். மூன்றாவது கேத்தி. நடந்த கொடுமை அவளுக்குக் கிளர்ச்சி தருகிறது. ஃபில் கற்பனையாகச் சொன்ன அடையாளத்துக்குப் பொருந்தும் ஆளைத் தபால் பிரிப்பகத்துக்கே போய்த் தேடிப்பிடித்துத் திட்டத்தை 'மேம்படுத்துகிறவள்' அவள்தான். ஃபில்லின் அதிகாரத்துக்குக் குறைந்தபட்சம் ஒரு நோக்கம் இருக்கிறது. கேத்தியினுடையதற்கு அதுவும் கிடையாது. கடைசிப் பகுதியில் கூட்டம் அவள் கையில் என்று கேள்விப்படும்போது பார்வையாளர் அதிரக் கூடாது, "ஆமாம், இவள்தான்" என்று உணர வேண்டும். அதற்கு முதல் பகுதியிலிருந்தே கேத்தியின் முகத்தில் அந்த ஆர்வம் சிறிது சிறிதாகத் தெரிந்தாக வேண்டும்.

இதைப் பயிற்சியாகச் செய்ய பிரேசில் நாடக இயக்குநர் அகஸ்தோ போவால் வகுத்த அதிகார விளையாட்டு கைகொடுக்கும். ஆறு நாற்காலி, ஒரு மேசை, ஒரு பாட்டில். ஒரு நாற்காலி மட்டும் மற்ற எல்லாவற்றையும்விட அதிகாரம் மிக்கதாகத் தெரியும்படி பொருள்களை அடுக்க வேண்டும். பிள்ளைகள் முதலில் அந்த நாற்காலியை மேசைமேல் ஏற்றுவார்கள். அது ஜான் டேட். சிறிது நேரத்தில் யாராவது ஒருவர் மற்ற ஐந்தையும் ஒரு சாதாரண நாற்காலியை நோக்கித் திருப்பி வைப்பார். அது ஃபில். அந்த இடத்தில் விளையாட்டை நிறுத்தி, "நாற்காலியைத் தொட்டீர்களா, மற்றவற்றைத் தொட்டீர்களா?" என்று மட்டும் கேளுங்கள். விளக்கவுரை வேண்டாம்.

கூட்டத்திலுள்ள மற்றவர்களைப் புரிந்துகொள்ள, ஃபின்லாந்து ஆய்வாளர் கிறிஸ்டினா சால்மிவல்லியும் குழுவினரும் 1996இல் பள்ளிக் கொடுமைப்படுத்தல் பற்றிச் சொன்ன பாத்திர வகைகள் உதவும்: கொடுமை செய்பவர், உடனிருந்து உதவுபவர், சிரித்து ஊக்குவிப்பவர், பாதிக்கப்பட்டவரைக் காப்பவர், ஒதுங்கி நிற்பவர், பாதிக்கப்பட்டவர். ஒவ்வொரு நடிகரும் தன் பாத்திரம் பகுதிக்குப் பகுதி எந்த வகையில் நிற்கிறது என்று எழுதட்டும். லூ எந்தத் தலைமை வந்தாலும் ஒட்டிக்கொள்வாள். டேனிக்குப் பல் மருத்துவர் ஆகும் கனவு கெட்டுவிடக் கூடாது என்பதே கவலை. காப்பவர் என்ற கட்டத்தில் மூன்றாம் பகுதியின் லியாவைத் தவிர ஒருவரும் வர மாட்டார்கள்.

படி 4: வயல்வெளிக் காட்சிகள்

ஒத்திகை நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை இங்கே செலவிடுங்கள் என்பது எங்கள் உறுதியான கருத்து. வெளிப்பார்வைக்கு இவை லியாவின் தனிமொழிகள். அப்படி நடித்தால் காட்சி செத்துவிடும். இவை இருவர் காட்சிகள். ஒருவருடைய வசனம் மட்டும் அச்சாகவில்லை.

லியாவின் பேச்சில் அவள் திசை மாறும் ஒவ்வொரு இடத்திலும் கோடு போடுங்கள். தன்னைத் தாழ்த்திப் பேசுவாள், உடனே அவனைக் குற்றம் சாட்டுவாள், சிம்பன்சியையும் பொனோபோ மனிதக்குரங்கையும் ஒப்பிட்டுப் பேசுவாள், மகிழ்ச்சியாக இருக்கிறாயா என்று கேட்பாள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் ஃபில்லிடமிருந்து ஏதோ ஒரு 'பதில்' வந்திருக்கிறது, அல்லது வராமல் போயிருக்கிறது. ஃபில் நடிகர் அந்த இடங்களில் தான் சொல்லியிருக்கக்கூடிய ஒரு வரியை எழுதட்டும். "எனக்குத் தெரியும்", "இன்றைக்கு வேண்டாம்", "இதை முன்பே சொல்லிவிட்டாய்" என்பது போல மூன்று சொல்லுக்குள் இருக்க வேண்டும்.

முதல் ஒத்திகையில் அந்த வரிகளைச் சத்தமாகச் சொல்லி நடியுங்கள். இரண்டாவதில் உதடு மட்டும் அசையட்டும். மூன்றாவதில் மனத்துக்குள் மட்டும். லியா நடிகருக்கு வேலை எளிதாகிவிடும், எதற்குத் திரும்புகிறோம் என்று தெரிந்து திரும்புவார். பின்னால் இருக்கும் பார்வையாளருக்கு ஃபில்லிடம் அசைவே தெரியாது, ஆனால் அங்கே ஒரு ஆள் உயிரோடு இருப்பது தெரியும்.

லியா தன் கழுத்தைத் தானே நெரித்துக்கொள்ளும் இடத்திலும் அவன் அசைவதில்லை. இங்கே நடிகர் உண்மையாகக் கழுத்தில் அழுத்தவே கூடாது. கைகள் காறையெலும்பின் மேல் படியட்டும், விசை முழுவதும் முழங்கையிலும் தோளிலும் தெரியட்டும். வாயால் மூச்சு நடந்துகொண்டே இருக்க வேண்டும். தன் செல்லப்பிராணியைத் தானே கொன்றதாக லியா பெட்டியைத் திறந்து காட்டும் இடத்துக்கும் ஃபில்லின் எதிர்வினை கிட்டத்தட்ட பூஜ்யம்தான். மௌனம் இங்கே லியாவை மேலும் மேலும் தள்ளுகிறது. ஒரு பார்வைக்காக எதையும் செய்துகாட்டுகிறாள். ஆடமும் இந்தக் கூட்டத்தின் முன் அதையேதான் செய்தான். இந்த ஒற்றுமையை நடிகர்களிடம் சொல்லுங்கள், மேடையில் அடிக்கோடிட வேண்டாம்.

வழக்கமாகக் கெடும் இடங்கள் இரண்டு. லியா ஒரே வேகத்தில் கொட்டித் தீர்ப்பது ஒன்று. ஃபில் கேட்காதவன் போல நடிப்பது இன்னொன்று. கேட்காதவனுடைய மௌனத்தில் அதிகாரம் கிடையாது. எல்லாவற்றையும் கேட்டு, எதையும் திருப்பிக் கொடுக்காதவனிடம்தான் அது சேர்கிறது.

படி 5: தின்பண்டங்கள்

ஐஸ்கிரீம், கோக், சிப்ஸ், வாஃபிள், கடைசியில் மிட்டாய். இவற்றை வேடிக்கைக்கு வைத்த சாமான் என்று நினைக்காதீர்கள். முறைத்துப் பார்க்கும் ஆசையிலிருந்து நடிகரைக் காப்பாற்றுவதே இந்தச் சாப்பாடுதான். வேலை இருக்கும் கையோடு உட்கார்ந்திருப்பவர் 'மௌனத்தை நடிக்க' மாட்டார். முதல் நாளிலிருந்தே உண்மையான பண்டத்தோடு ஒத்திகை பாருங்கள். கடைசி வாரத்தில் சேர்த்தால் மெல்லும் நேரம் வசனத்தோடு மோதும்.

விளக்கின் சூட்டில் ஐஸ்கிரீம் இரண்டு நிமிடத்தில் உருகி வழியும். ஆறவைத்த உருளைக்கிழங்கு மசியலைக் கோனில் வைத்தால் தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது. ஒரு கோனுக்கு 60 கிராம் போதும். சிப்ஸ் பாக்கெட் சலசலப்பு லியாவின் குரலை விழுங்கும். முன்கூட்டியே பிரித்து, உள்ளே ஒரு மெல்லிய துணியை ஒட்டிவிடுங்கள், சிப்ஸ் எட்டுப் பத்துக்கு மேல் வேண்டாம். கோக் டின்னை மேடையில் திறப்பதாக இருந்தால் அந்தச் சத்தம் எந்த வசனத்தின் முடிவில் வர வேண்டும் என்று தீர்மானியுங்கள். திறந்தே கொண்டுவருவதாக இருந்தால் உள்ளே வெறும் தண்ணீர் இருக்கட்டும், அவனுடைய மிக நீண்ட பேச்சு அடுத்து வருகிறது, நடுவில் ஏப்பம் வந்தால் காட்சி போயிற்று. வாஃபிள் காட்சிக்குத் தட்டு, வெண்ணெய், ஜாம், மழுங்கிய கத்தி வேண்டும். அவன் அதைத் தயாரிக்கும் பொறுமைதான் காட்சியின் தாளம். ஒவ்வொரு அசைவும் லியாவின் எந்த வரியில் வருகிறது என்று பிரதியில் எண்ணிட்டுக்கொள்ளுங்கள். கடலை, பால், கோதுமை ஒவ்வாமை யாருக்காவது உண்டா என்று வேடம் கொடுத்த அன்றே கேட்டுவிடுங்கள்.

படி 6: திட்டம் சொல்லும் பேச்சு

முதல் பகுதியின் காட்டில் எல்லோரும் பதறிப்போய் ஃபில்லைப் பார்க்கிறார்கள். அவன் கோக்கைக் கவனமாகத் தரையில் வைக்கிறான். இதற்கு முழு 6 விநாடி கொடுங்கள். பதறிப்போய்ப் பார்க்கும் அந்தக் கணம் வரை கூட்டம் ஃபில்லை நோக்கித் திரும்பவே கூடாது என்பது இந்தக் காட்சியின் அடிப்படை விதி. முதல் பாதியில் எல்லோர் கண்ணும் ஜான் டேட்டின் மேல் இருக்கட்டும், ஃபில் பின்வரிசையில் ஓரமாக நிற்கட்டும். நாடகம் தெரிந்த நடிகர்கள், இவன்தான் தலைவன் என்று தெரிந்திருப்பதால், அவன் வந்த உடனேயே பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். அப்படிப் பார்த்தால் அதிகாரம் கைமாறும் கணம் தொலைந்துவிடும்.

பேச்சின் அமைப்பைப் பாருங்கள். ஆடமின் வீட்டுக்குள் யார் நுழைய வேண்டும், எந்தச் செருப்பை, எந்தச் சட்டையை எடுக்க வேண்டும், சட்டையைக் கையால் தொடாமல் புதிய பிளாஸ்டிக் பையில் எப்படிப் போட வேண்டும், அழும் பிரையனை யார் தலைமையாசிரியரிடம் கூட்டிப்போக வேண்டும், கற்பனைக் குற்றவாளிக்கு எப்படிப்பட்ட பல், எந்த உடுப்பு. கையாளும் தந்திரம் முழுவதும் இந்த வடிவத்திலேயே இருக்கிறது. குற்றத்தைத் துண்டு துண்டாக நறுக்கி ஆளுக்கொன்று கொடுக்கிறான். தன் துண்டை மட்டும் பார்ப்பவனுக்குக் குற்ற உணர்வு வராது, வேலை கிடைத்த நிம்மதிதான் வரும். அத்தோடு, வேலையை ஏற்ற ஒவ்வொருவரும் உடந்தை. பிரையனின் அழுகை அவனுடைய மனச்சாட்சியிலிருந்து வருவது. ஃபில் அதையே சாட்சியமாக மாற்றிவிடுகிறான். இந்தப் பேச்சில் என்னை மிகவும் அச்சுறுத்துவது இந்த வரிகள்தான்.

நடிகருக்கான வழிமுறை: குரலைத் தாழ்த்தவோ உயர்த்தவோ வேண்டாம், கடைக்குப் பட்டியல் சொல்லும் தொனி போதும். ஒவ்வொரு பெயரையும் சொல்லும்போது அந்த ஆளைப் பார்க்க வேண்டும், அவர் ஏற்றுக்கொண்டது தெரிந்த பிறகே அடுத்தவருக்குப் போக வேண்டும். மற்றவர்களுக்கு: பெயர் கேட்டதும் உடம்பில் ஒரே ஒரு மாற்றம். தோள் இறங்கலாம், கால் நேராகலாம். தலையாட்டாதீர்கள். பேச்சு முடிந்ததும் கேள்வி உண்டா என்கிறான். வாய் பிளந்து நிற்கிறார்கள். அவன் குனிந்து கோக்கை எடுத்துக் குடிக்கிறான். சிரிப்பலை எழுந்தால் தடுக்க வேண்டாம், அடுத்த பகுதியில் அந்தச் சிரிப்பு பார்வையாளருக்கே உறுத்தும்.

தமிழில் மொழிபெயர்த்து நடிக்கும் குழுக்களுக்கு இரண்டு குறிப்புகள். மேடையேற்றுவதற்கும் மொழிபெயர்ப்பதற்கும் உரிமதாரரிடம் முன்னதாக அனுமதி பெற வேண்டும். இன்னொன்று, ஜான் டேட்டின் பேச்சில் 'டா'வும் 'சரியா?'வும் நிறைய வரட்டும், ஃபில்லின் கட்டளைகளில் ஒன்றும் வேண்டாம். "எடு", "போ", "தொடாதே" என்று மொட்டையாக நிற்கட்டும்.

படி 7: மிரட்டலும் வாக்குறுதியும்

இரண்டாம் பகுதியில் பிரையன் போலீஸ் நிலையத்துக்குப் போய்ப் பொய் அடையாளம் காட்ட மறுக்கிறான். போகாவிட்டால் ஆடமுக்கு நடந்தது அவனுக்கும் நடக்கும் என்கிறான் ஃபில். இங்கே நடிகர்கள் சட்டையைப் பிடிப்பார்கள், முகத்துக்கு முகம் நெருங்குவார்கள். இரண்டுமே வேண்டாம். ஒரு கை எட்டாத தூரத்தில் நின்று, திட்டம் சொன்ன அதே தொனியில் சொல்ல வேண்டும். பிரையன் சுற்றியிருப்பவர்களைப் பார்க்கட்டும். ஒவ்வொருவராகப் பார்வையைத் தாழ்த்தட்டும். மிரட்டலை நிறைவேற்றப்போகிறவர்கள் அவர்கள்தான் என்பது அவனுக்குப் புரிவதே காட்சி.

மூன்றாம் பகுதியில் ஆடம் உயிரோடு நிற்கிறான். உண்மையைச் சொல்லிவிட இதைவிட நல்ல வாய்ப்பு வராது. ஃபில் முதலில் செய்வது, இப்போதே போய்விட்டு யாரிடமும் எதுவும் சொல்லாவிட்டால் தொல்லையில்லை என்று ஜேன், மார்க், லூவை அனுப்பிவிடுவது. உளவியலாளர் சாலமன் ஆஷ் 1950களில் செய்த புகழ்பெற்ற சோதனைகளில், எல்லோரும் ஒரே தவறான விடையைச் சொல்லும்போது பலர் தாமும் அதையே சொன்னார்கள். உடன் ஒரே ஒருவர் சரியாகச் சொன்னால் அந்த இணக்கம் வெகுவாகக் குறைந்தது. ஃபில் அந்த ஒருவருக்கான வாய்ப்பை மேடையிலிருந்தே வெளியேற்றிவிடுகிறான். லியா எதிர்க்கும்போது அவளுக்குத் துணையாக நிற்கக்கூடியவர் எவரும் மிச்சமில்லை. எனவே அந்த வெளியேற்றத்தை அவசரப்படுத்தாதீர்கள். லூ தயங்கி, ஆடமை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகட்டும். ஒரு ஆளா, எல்லோருமா, எது முக்கியம் என்று அவன் லியாவிடம் வாதிடுவதை உண்மையாக நம்பிச் சொல்ல வேண்டும். எல்லோரும் இப்போது நன்றாக இருக்கிறார்கள் என்பது அவன் கண்ட உண்மை, அந்த வாதத்தின் பலமும் அதுதான். வில்லன் சிரிப்பு எட்டிப் பார்த்தால் இந்த இடம் பாழ்.

படி 8: பிளாஸ்டிக் பை

ஆடமுக்குச் செய்ய வேண்டியதைக் கேத்திக்கு விளக்க, பிரையனின் தலையில் பையை மாட்டிச் செய்துகாட்டுகிறான் ஃபில். ஒத்திகை முழுவதிலும் விட்டுக்கொடுக்கக் கூடாத விதிகள் இவை: பையின் பின்பக்கத்தை முழுவதுமாக வெட்டி எடுத்துவிட வேண்டும். முன்பக்கத்தில் மூக்கு, வாய் நேரே விரலளவு துளைகள் வேண்டும். எங்கும் முடிச்சோ இறுக்கிப் பிடிப்பதோ கிடையாது. பிரையனின் இரண்டு கையும் கட்டின்றி இருக்க வேண்டும். கையைத் தொடையில் இருமுறை தட்டினால் உடனே எடுத்துவிட வேண்டும். 5 விநாடிக்கு மேல் போகக் கூடாது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இதை ஒத்திகை பார்க்கவே கூடாது. வேலை முடிந்ததும் பையைக் கத்தரித்துப் போடுங்கள். 14 வயதுக்குக் குறைந்தவர்கள் நடித்தால் பையைக் கையில் விரித்துக் காட்டுவதோடு நிறுத்துவதே நல்லது. பிரையன் அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரிப்பது போதுமான கொடுமை.

படி 9: லியா போவதும், ஃபில் நின்றுபோவதும்

மூன்றாம் பகுதி முடிவில் மறுபடி வயல். இருவரும் பேசாமல் இருக்கிறார்கள். ஃபில் மிட்டாயைப் பிரித்து அவளுக்கு நீட்டுகிறான். அவன் தன்னிடமிருந்து எதையாவது கொடுப்பது இப்போதுதான். லியா வாங்கி மெல்லத் தொடங்கி, அழுது, துப்பிவிட்டு எழுந்து போகிறாள். ஒட்டும் மிட்டாய் பல்லில் மாட்டிக்கொள்ளும், உடனே துப்ப வராது, பாதியாக வெட்டிக் கொடுங்கள். நாடகம் முழுவதும் தொடர்ந்து பேசியவள் ஒரு சொல்லும் இல்லாமல் போவதால், இதுவரை ஃபில்லின் ஆயுதமாக இருந்த மௌனம் அவள் கைக்கு மாறுகிறது. அவன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது குரல் முதன்முறையாக ஒரு படி உயரலாம். அதற்கு மேல் வேண்டாம்.

நான்காம் பகுதியில் லியாவின் இடத்தில் கூட்டத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் உட்கார்ந்திருக்கிறான். ஃபில்லின் கையில் தின்பண்டம் இல்லை. ஜான் டேட் மதத்தில் தஞ்சம் புகுந்துவிட்டான், பிரையனுக்கு மருந்து கூடிக்கொண்டே போகிறது, கேத்தி நடத்துகிறாள் என்று ரிச்சர்ட் சொல்லிக்கொண்டே போகிறான், நீ எப்போது வருவாய் என்று கேட்கிறான். முதல் மூன்று பகுதியின் மௌனமும் இதுவும் ஒன்றாகத் தெரிந்தால் நாடகம் தோற்றுவிட்டது. வித்தியாசம் வர, படி 4இல் எழுதிய உள்வரிகளை இந்தக் காட்சியில் நடிகர் எடுத்துவிட வேண்டும். இங்கே அவனிடம் சொல்லாத பதில் எதுவும் இல்லை. பார்வை ஒரு புள்ளியில் நிற்கட்டும், கைகள் காலியாக முழங்காலில் கிடக்கட்டும். ரிச்சர்ட் லியாவைப் போலப் பேசக் கூடாது. லியா அவனிடமிருந்து அன்பைக் கேட்டாள், இவன் தலைமையைக் கேட்கிறான்.

ஒளி, ஒலி, கால அட்டவணை

மூன்று இடங்களையும் ஒளியாலேயே பிரிக்கலாம், காட்சியமைப்பு தேவையில்லை. தெருவுக்கு மேலிருந்து குறுகிய ஒரு வெளிச்சம், வயலுக்கு விரிந்த இளமஞ்சள், காட்டுக்குப் பக்கவாட்டு ஒளி. இடமாற்றம் 5 விநாடிக்குள் முடிய வேண்டும். ஃபில்லின் மௌனத்துக்கு அடியில் இசை போடாதீர்கள். என்ன உணர வேண்டும் என்று இசை சொல்லிக்கொடுத்துவிட்டால், நடிகர் கட்டியதெல்லாம் வீண்.

வாரத்துக்கு மூன்று ஒத்திகை, தலா இரண்டு மணி நேரம் என்றால் எட்டு வாரம் வேண்டும். முதல் வாரம் படி 1, 2. இரண்டாவது வாரம் விளையாட்டுகள், பாத்திரத் தாள்கள். மூன்று முதல் ஐந்து வரை வயல் காட்சிகளைத் தனியாகவும் காட்டுக் காட்சிகளைத் தனியாகவும் செய்யுங்கள். ஆறாவதில் சேர்த்து ஓட்டுங்கள். ஏழாவதில் ஒளியும் பண்டங்களும். எட்டாவதில் வேகம் மட்டும்.

ஒவ்வொரு ஒத்திகையின் முடிவிலும் 10 நிமிடம் ஒதுக்குங்கள். வட்டமாக உட்கார்ந்து, தன் பாத்திரம் இன்று எந்த இடத்தில் வாயைத் திறந்திருக்கலாம் என்று ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம் சொல்லட்டும். பிரையனாகவும் ஆடமாகவும் நடிப்பவர்கள் கடைசியில் பேசட்டும், அவர்கள் பேசும்போது யாரும் குறுக்கிட வேண்டாம். அவர்களில் யாராவது இரண்டு நாள் தொடர்ந்து ஒத்திகைக்கு வரவில்லை என்றால் கைபேசியில் அதட்டாமல் நேரில் போய் விசாரியுங்கள். வேடத்தை மாற்றிக்கொள்ள விரும்பினால், அரங்கேற்றத்துக்கு ஒரு வாரமே இருந்தாலும் மாற்றிக் கொடுங்கள்.